மும்மொழிக் கல்லைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்



கண்டிப் பகுதிப் பாடசாலைகளிலிருந்து காலிக்குக் கல்விச் சுற்றுலா போகும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கோட்டை மதிலையும் வெளிச்சவீட்டையும் பிள்ளைகள் எப்படியும் பார்ப்பார்கள். ஆனால் காலியில் கிடைத்த மிகப் பெறுமதியான சான்று இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. வழியில் அங்கே ஒரு மணித்தியாலம் இறங்குங்கள்.

1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடியாகக் குப்புறக் கிடந்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் எழுதப்பட்டது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட அக்கல்லைக் கொண்டுவந்தவர் சீனப் பேரரசர் யொங்லேயின் கடற்படைத் தளபதி செங் ஹே. அவர் யுன்னானில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்.

சீன வாசகம் புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ் வாசகம் தெவிநுவரக் கோயிலின் தெனாவரை நாயனாருக்கு, அதாவது விஷ்ணுவுக்கு. பாரசீக வாசகம் இஸ்லாத்தைச் சார்ந்தது. அதுதான் அதிகம் தேய்ந்துள்ளது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் ஏறக்குறைய ஒன்றே. அதற்கு முன்பே, 1344இல் இங்கு வந்த இப்னு பதூதாவும் தெவிநுவரக் கோயிலைப் பற்றி எழுதியிருக்கிறார்.

"நாங்கள் இந்த நாட்டுக்கு எப்போது வந்தோம், சேர்?" 2018 மார்ச் திகன சம்பவங்களுக்குப் பிறகு இந்தக் கேள்வி வகுப்பறையில் அடிக்கடி வருகிறது. இந்தக் கல்லே ஒரு பதில். கரையிலிருந்து உப்பும் கருவாடும் தவள மாடுகளில் மலையேறிய பாதைகளில் எங்கள் முன்னோர் பலரும் கண்டிக்கு வந்தார்கள். 1626இல் போர்த்துக்கேயர் கரையோர முஸ்லிம்களை வெளியேற்றியபோது இடம் கொடுத்தவன் கண்டி மன்னன் செனரத்.

ஆனால் கல்லை வெறும் ஒற்றுமைச் சின்னமாக மட்டும் காட்டிவிடாதீர்கள். 1411இல் அதே செங் ஹே, இங்கு ஆட்சி செய்த அழகேஸ்வரனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டு போனார். காணிக்கை வந்த கடல் வழியில்தான் படையும் வந்தது. கல்லில் சிங்களம் ஏன் இல்லை என்றும் பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும், பேசட்டும். வரலாற்றுப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்றும் சொல்லிக் கொடுங்கள்: 1877இல் திறக்கப்பட்ட அந்த நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார்.