புற்றுநோய் மருந்துகளின் படிக வடிவும் படிகமற்ற வடிவும்

மாத்திரையில் உள்ள மருந்தின் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் அது படிகம். ஒழுங்கின்றிக் குவிந்திருந்தால் படிகமற்ற திண்மம். சர்க்கரைப் பாகை நாள்கணக்கில் ஆறவிட்டு வளர்த்தெடுப்பது கற்கண்டு. உருகிய சர்க்கரை சுழன்று நொடியில் இறுகிய இழை பஞ்சுமிட்டாய். பொருள் இரண்டிலும் ஒன்றுதான். பஞ்சுமிட்டாய் நாக்கில் பட்டதும் கரையும், ஆனால் திருவிழாவிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் காற்றின் ஈரத்தை இழுத்துச் சுருங்கிப் பிசுபிசுத்துவிடும். கற்கண்டு டப்பாவில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், வாயில் அடக்கிக்கொள்ளத்தான் பொறுமை வேண்டும். புற்றுநோய் மருந்துகளில் பல நீரில் எளிதில் கரையாதவை என்பதால், படிகமா, படிகமற்றதா என்ற தேர்வு அங்கே கூடுதல் கவலைக்குரியது.

ஒரே பொருள் வெவ்வேறு அடுக்கில் படிகமாவது பல்லுருத் தன்மை எனப்படும். 1832இல் லீபிக், வோலர் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் இருவரும் பென்சமைடைக் கொதிநீரில் கரைத்து ஆறவிட்டபோது பட்டு நூல் போன்ற ஊசிகள் விழுந்தன. விட்டுவைத்ததும் அவை மெல்ல வேறு உருவப் படிகங்களாக மாறின. கரிமப் பொருள்களில் இத்தன்மை கண்டறியப்பட்ட முதல் நிகழ்வாக இது சொல்லப்படுகிறது. அடுக்கில் நீர் சேர்ந்தால் ஹைட்ரேட். அமிலத்தோடு சேர்ந்தால் உப்பு. வேறொரு திண்மத்தோடு சேர்ந்து அடுக்கானால் இணைப்படிகம். ஒரு திண்மம் படிகமா இல்லையா என்று அறிய எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்ப்பார்கள். படிகமானால் வரைபடத்தில் கூர்முனைகள் நிற்கும். படிகமற்றதானால் ஒரு மழுங்கிய மேடு மட்டுமே.

எக்ஸ் கதிர்ப் படிகவியலில் சென்னைக்குப் பெரிய பேர் உண்டு. ஜி. என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்து, 1954இல் கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை முன்வைத்தார். அவர் மருந்துப் படிகங்களைத் தேடவில்லை. மூலக்கூறுகளை வேண்டியபடி அடுக்கும் படிகப் பொறியியலுக்கு 1989இல் நூல் எழுதிய கௌதம் தேசிராஜு 1952இல் சென்னையில் பிறந்தவர்.

படிகமற்ற வடிவத்துக்கு நல்ல உதாரணம் தோல் புற்றுநோயான மெலனோமாவுக்குத் தரப்படும் வெமுராஃபெனிப். முதற்கட்டச் சோதனையில் அதன் படிக வடிவம் உடலில் போதிய அளவு ஏறவில்லை. மருந்தை ஒரு பலபடிச் சேர்மத்தோடு சேர்த்துப் படிகமற்ற பொடியாக வீழ்படியச் செய்த பின்னரே பலன் தெரிந்தது. 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

படிக வடிவம் இந்தியாவில் நீதிமன்ற வழக்கானது இமாட்டினிப் மருந்தால். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயை அடக்கும் இம்மருந்தின் மூலக்கூறுக்கு 1996இலேயே கண்டுபிடிப்பாளர் ஸிம்மர்மன் பெயரில் அமெரிக்கக் காப்புரிமை இருந்தது. நோவார்ட்டிஸ் நிறுவனம் அதன் மெசிலேட் உப்பின் பீட்டா படிகத்துக்கு 1998 ஜூலை 17 அன்று சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. ஆல்ஃபா படிகம் ஊசி வடிவம், ஈரம் இழுக்கும். பீட்டா ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, பொடி நன்றாக ஓடும், நெடுநாள் நிலைக்கும். மாத்திரை அடிக்கும் இயந்திரத்துக்கு முன் நிற்பவருக்கு இது பெரிய வரம். ஆனால் வயிற்றில் கரைந்தபின் ஆல்ஃபாவும் இல்லை, பீட்டாவும் இல்லை. இரண்டும் ஒரே மூலக்கூறுதான்.

இதற்குள் 2005இல் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு திருத்தப்பட்டது. அறிந்த பொருளின் புதிய வடிவத்தில் குணமாக்கும் திறன் கூடியிருந்தாலொழியக் காப்புரிமை இல்லை என்பது அதன் சாரம். நாட்கோ, சிப்லா உள்ளிட்ட மருந்து நிறுவனங்களும் புற்றுநோயாளர் உதவிச் சங்கம் ஒன்றும் எதிர்ப்பு மனு கொடுத்தன. நோவார்ட்டிஸ் கிளிவெக் என்ற பெயரில் மாதம் ஏறத்தாழ ரூ.1,20,000 விலைக்கு விற்ற இமாட்டினிப், உள்நாட்டுத் தயாரிப்பில் ரூ.8,000 முதல் ரூ.10,000 வரை கிடைத்ததே அவர்களின் வாதத்துக்கு உயிர். பெரும்பாலான நோயாளிகளுக்கு இலவசமாகவே தருகிறோம் என்றது நோவார்ட்டிஸ். 2006 ஜனவரி 25 அன்று சென்னை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளியது.

3(டி) பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது என்ற நோவார்ட்டிஸின் மனுவை நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடி செய்தது. அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2009இல் பீட்டாவைப் புதுமை என்று ஏற்றுக்கொண்டும், 3(டி)யைக் காட்டி உரிமை மறுத்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது. பீட்டா படிகம், உப்பு சேராத மூல வடிவைவிட 30 சதவீதம் அதிகமாக உடலில் ஏறுகிறது என்ற கணக்கும் எடுபடவில்லை. அதனால் நோய் கூடுதலாகக் குணமாகிறது என்று சான்று காட்ட வேண்டும் என்றது தீர்ப்பு. பழைய மருந்துக்குப் புதுச் சட்டை மாட்டி உரிமையை நீட்டிக்கும் வேலை இதோடு இந்தியாவில் கடினமாயிற்று.

அந்த மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டு, காப்புரிமை மேல்முறையீடுகள் இப்போது உயர் நீதிமன்றங்களுக்குச் செல்கின்றன.