மலர்ப்பேச்சு: மியன்மாரும் முகநூலும் (2014–2018)

ரோகிங்கியா மக்கள் மீதான பகைமையை முகநூலே தோற்றுவித்தது என்பது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய குடியுரிமைச் சட்டம் 1982இலேயே இயற்றப்பட்டுவிட்டது. ஆயினும், இருந்த பகைமை வேகம் பெற்றவாற்றை நோக்குமிடத்து 2014ஆம் ஆண்டு முக்கியம் பெறுகின்றது. நீண்டகாலம் வசதி படைத்தோருக்கே எட்டிய சிம் அட்டை, வெளிநாட்டு நிறுவனங்களின் வருகையால் அவ்வாண்டில் ஏறத்தாழ ஒன்றரை டொலருக்குக் கிடைக்கலாயிற்று. பலருக்கு முகநூலே இணையம் முழுவதுமாயிற்று.

அவ்வாண்டு யூலையில், பௌத்தப் பெண்ணொருத்தியை முஸ்லிம் கடைக்காரர் கெடுத்தனரென்ற பொய்ச்செய்தியை விராது என்ற பிக்கு முகநூலிற் பரப்பினார். மண்டலேயிற் கலவரம் மூண்டது. மாண்ட இருவருள் ஒருவர் பௌத்தர், மற்றவர் முஸ்லிம்.

இதற்குச் சில மாதங்கள் முன்னரே எதிர்ப்பும் முளைத்திருந்தது. முன்னாள் அரசியற் கைதியான நே போன் லட் 2014 ஏப்பிரலில் 'பன்சகார்' என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். மலர்ப்பேச்சு என்பது அதன் பொருள். வாயில் மலரேந்திய உருவம் அதன் சின்னம். முகநூல் நிறுவனமும் பின்னர் அவ்வியக்கத்தோடு சேர்ந்து மலர்ப் படவில்லைகளை வெளியிட்டது. வெறுப்புப் பதிவுகளின் கீழ் இளைஞர் அவற்றை ஒட்டினர். ஆனால் கண்டனத்தையும் பாராட்டையும் பிரித்தறியாத கணிப்பொறி முறைமை, ஒவ்வொரு மலரையும் அப்பதிவின் மீதான ஆர்வமெனக் கொண்டு, அதனை மேலும் பலருக்குக் காட்டிற்று! மறுப்பே பரப்புரையாக மாறிய இவ்விபரீதம் அவ்விளைஞரின் பிழையன்று. கவனத்தை விற்றுப் பொருளீட்டும் அமைப்பின் இயல்பு.

பதிவுகளைப் பரிசீலிக்கப் பர்மிய மொழியறிந்தோர் 2015இன் தொடக்கத்தில் இருவரே இருந்தனர். சவ்ஜி என்ற பொதுநியமத்துக்கு அமையாத எழுத்துரு வேறு இடர் விளைத்தது. (பாமினிக் காலத்துத் தமிழருக்கு இக்குழப்பம் புதிதன்று.)

2017 ஓகஸ்ட் 25இல் ஆயுதக் குழுவொன்று காவல் நிலையங்களைத் தாக்கியதையடுத்து, ராக்கைனில் இராணுவம் ஊர்களை எரித்தது. செப்டெம்பரில், முஸ்லிம்கள் தாக்கப் போவதாகப் பௌத்தருக்கும், பௌத்தர் தாக்கப் போவதாக முஸ்லிம்களுக்கும் தனிச்செய்திகள் பரவின. அவற்றைத் தமது முறைமைகள் கண்டறிந்து தடுத்தன என நிறுவனத் தலைவர் சக்கர்பேர்க் 2018இற் கூறினார். கண்டறிந்து முறையிட்டவர்கள் தாமே என்றும், அதற்கு முன்னரே அவை நாட்கணக்காய்ப் பரவிவிட்டன என்றும் மியன்மார்ச் சிவில் அமைப்புகள் பகிரங்கக் கடிதத்தில் மறுத்துரைத்தன.

இராணுவத் தளபதி மின் ஆங் லைங்கின் கணக்கு 2018 ஓகஸ்ட் 27இலேயே நீக்கப்பட்டது. அதற்குள் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேசத்துக்குத் தப்பிச் சென்றுவிட்டனர்.