கசடு வரும் வாயிலும் ஆற்று மணலும்: கருங்குழி நிலையத்தை முன்வைத்து

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் 2017-இல் கசடு கழிவு சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. செப்டிக் டேங்க் கழிவுக்கென்றே தமிழ்நாட்டில் அமைந்த முதல் நிலையம் இது. கருங்குழி, மதுராந்தகம் ஆகிய ஊர்களின் கசடு இங்கு வருகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 23,000 லிட்டரைக் கையாள முடியும். இதன் பயனை வெளியேறும் நீரின் தரத்தை மட்டும் வைத்து மதிப்பிடுவது போதாது. வாயிலுக்கு எவ்வளவு கசடு வந்து சேர்கிறது என்பதே பாலாற்றின் நலனைத் தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

நிலையத்தின் செயல்முறை எளிது. லாரியிலிருந்து இறங்கும் கசடு, மணலும் ஜல்லியும் பரப்பிய உலர்படுகைகளில் விடப்படுகிறது. நீர் வடிந்து அடுத்தடுத்த குளங்களுக்குச் செல்கிறது. மேலே தங்கிய கசடு வெயிலில் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, மண்வெட்டியால் வாரும் பதத்துக்கு வருகிறது. குளங்களில் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைக்கின்றன. கடைசிக் குளத்தில் வெயிலே கிருமிகளை அழிக்கிறது. மின்செலவு குறைவு என்பதால் பேரூராட்சி தாங்கக்கூடிய முறை இது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கசடு உலரத் தாமதமாவதே இதன் குறை.

நிலையத்துக்கு வராத கசடு ஆற்றை எப்படிப் பாதிக்கும் என்று பார்ப்போம். மதுராந்தகம் ஏரியின் உபரிநீர் கிளியாற்றின் வழியே பாலாற்றில் கலக்கிறது; பாலாறு வயலூர் அருகே கடலை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி இந்த ஆறுகள் வறண்டே கிடப்பதால், கலக்கும் அழுக்கை நீர்க்கச் செய்ய ஓட்டமில்லை. ஆனால் பாலாற்று மணலுக்கடியில் ஊறும் நீர்தான் கரையோர ஊர்களுக்கும் கல்பாக்கம் நகரியத்துக்கும் குடிநீர். குளிக்கத் தகுந்த ஆற்றுநீரில் பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) அளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. செப்டிக் டேங்க் கசட்டிலோ அது ஆயிரக்கணக்கில் இருக்கும். 3,000 என்றே கொள்வோம்: 5,000 லிட்டர் லாரி ஒன்றை ஓடையில் திறந்துவிட்டால், அந்த அழுக்கை வரையறைக்குள் கொண்டுவர 50 லட்சம் லிட்டர் தூய நீர் வேண்டும். வறண்ட ஆற்றில் அது எங்கிருந்து வரும்?

இப்போதைய கொள்ளளவே போதும் என்று சிலர் கூறலாம். டேங்க் நிரம்பி வழிந்த பிறகே மக்கள் லாரியை அழைக்கும் வரையில்தான் அது உண்மை. 2 அல்லது 3 ஆண்டுக்கொரு முறை காலி செய்வதே பரிந்துரைக்கப்படும் நடைமுறை. 23,000 லிட்டர் என்பது நாளுக்கு நான்கைந்து லாரிகள். ஆண்டுக்கு 300 நாள் இயங்கினால் சுமார் 1,400 லாரிகள். ஒரு வீட்டுக்கு ஒரு லாரி என்றாலும், மூன்றாண்டுச் சுற்றில் ஏறத்தாழ 4,200 வீடுகளுக்கே இடமுண்டு. 2011 கணக்கெடுப்பின்படியே இரண்டு ஊர்களிலும் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். வீட்டுக்கு நால்வர் என்றால் பத்தாயிரம் வீடுகள். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் செப்டிக் டேங்க் இருந்தாலே இக்கொள்ளளவு போதாது. மேலும், காலம் தவறிய டேங்கில் கசடு இறுகி உறிஞ்சு குழாய்க்கு வராது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னும் மனிதரை உள்ளே இறக்கும் கொடுமைக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே மூன்று பணிகள் உடனடித் தேவை. சொத்துவரிப் பதிவேட்டைக் கொண்டு வீடுவாரியாகக் காலி செய்யும் அட்டவணை வகுத்து, கட்டணத்தை ஆண்டுதோறும் சிறு தொகையாகப் பெற வேண்டும். லாரி புறப்பட்ட வீட்டையும் வந்து சேர்ந்த வாயிலையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். கிளியாற்றங்கரைக் கிணறுகளில் நைட்ரேட்டையும் மலக் கோலிஃபார்மையும் பருவந்தோறும் சோதிக்க வேண்டும். அட்டவணை வந்தால் உலர்படுகைகளை இரட்டிப்பாக்க நேரும்; அச்செலவைக் குடிநீர்ப் பாதுகாப்புச் செலவாகவே அரசு கருத வேண்டும்.