பேராதனை நுணுக்குக்காட்டியும் கோப்பித் தோட்டமும்

ஒளியியற் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கிய அறிஞர்தம் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நுணுக்குக்காட்டியின் பார்வைக்கு 1873 இல் அபே வகுத்த எல்லையைக் கடந்தமைக்காக மூவர் 2014 இல் நோபெல் பரிசு பெற்றதை யாவரும் அறிவர். ஆயின், கருவி காட்டிய உண்மையை எவ்வர்க்கம் ஏற்றது, எவ்வர்க்கம் புறக்கணித்தது என்னும் வினா அருகியே எழுப்பப்படுகின்றது. அவ்வினாவுக்குக் கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டிலேயே தக்கதோர் உதாரணம் உண்டு.

1869 இல் இலங்கைக் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் பொடி படரலாயிற்று. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கு பேர்க்லி என்னும் அறிஞர் அதனை ஒரு புதிய பங்கசு எனக் கண்டு, ‘ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். வித்தியின் ஒரு பாதி வழவழப்பாயிருத்தலை முற்சொல்லும், அதன் பேரழிவை அடுத்த சொல்லும் குறிக்கும்.

1880 இல் இந்நோயை ஆராய வந்த மார்ஷல் வார்ட் இருபத்தாறு வயதினர். கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டக் காற்றிலே வைத்து, அவற்றில் ஒட்டியவற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கினார். வித்திகள் காற்றிற் பரவுவதும், ஈரமான இலையில் முளைத்து இலைவாய் வழியே உட்புகுவதும் தெளிவாயின. அவர் அத்துடன் நிற்கவில்லை என்பதே எமக்கு முக்கியமாகும். காடழித்து, இடையீடின்றி ஒரே பயிரை நட்ட முறையே நோய்க்கு வாய்ப்பளித்தது என்றார். துரைமாரோ மருந்தை எதிர்பார்த்தனர். தம் உற்பத்தி முறை மீதான விமர்சனம் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. (அக்காலத்திற் கண்டியிலே ஸ்கோவன் நிலையத்தார் எடுத்து விற்ற ஒளிப்படங்களிலும் பெயருடைய தொழிலாளியைக் காண்டல் அரிது.)

1884 இல் தோட்டங்களுக்குக் கடனளித்த ஓரியன்டல் வங்கி வீழ்ந்தது. தமிழகத்திலிருந்து நடந்து வந்து அம்மலைகளைத் திருத்திய தொழிலாளர் பலர் கூலி நிலுவையோடு ஊர் திரும்பினர். எஞ்சியோர், ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரிலே தொடங்கிய தேயிலைக்குத் திருப்பப்பட்டனர். வார்ட்டின் ஆய்வுரை 1882 இலேயே அச்சேறியிருந்தது. எனினும் கோப்பி நின்ற அதே சரிவுகளில், அதே லயங்களின் எதிரே, தேயிலையும் ஒற்றைப்பயிராகவே நடப்பட்டது.