உடைந்த திருகும் ஓடிய படகும்

பொருள் ஒன்று உடைந்தால் வேலை கெட்டுவிடும் என்றுதான் நாங்கள் நினைப்போம். புரொப்பெல்லரின் வரலாற்றில் ஓரிடத்தில் அது மறுவளமாக நடந்திருக்கிறது.

1836இல் பிரான்சிஸ் பெற்றிட் ஸ்மித் என்ற ஆங்கிலேய விவசாயி, படகைத் தள்ளும் திருகு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மரத்தால் செய்தது, முழுதாக இரண்டு சுற்று. அடுத்த வருடம் லண்டன் பாடிங்டன் கால்வாயில் ஓடவிட்டுப் பார்த்தபோது அது பாதியாக உடைந்துபோனது. படகோ முன்னரைவிட வேகமாக ஓடியது! திருகு நீண்டால் வலு கூடும் எண்ட கணக்கு அங்கேயே பிழைச்சுப் போச்சு.

பிறகு பிரித்தானியக் கடற்படை, ராட்லர் என்ற கப்பலில் பல வடிவத் திருகுகளை மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்தது. 1845இல் ராட்லரையும் துடுப்புச் சக்கரக் கப்பலான அலெக்டோவையும் பின்பக்கமாகக் கட்டி இழுக்கவிட்டார்கள். ராட்லர் வென்றது. எல்லோரும் சொல்வது இந்தக் கயிறிழுப்பைத்தான். அதற்கு முன்னால் நடந்த, பூட்டிக் கழற்றிப் பார்த்த வேலையை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

சரி, இதை இப்ப ஏன் கதைக்கிறம்?

எங்கட கரைகளில் வெளியிணைப்பு மோட்டர்கள் பல மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. யுத்த காலத்தில் வடக்கில் மோட்டரின் குதிரைவலுவுக்கும் எரிபொருளுக்கும் கட்டுப்பாடு இருந்தது. விலையும் சட்டமும் மீனவர் கையில் இல்லை. எந்தப் புரொப்பெல்லரைப் பூட்டுவது என்பது ஓரளவுக்கேனும் அவர் கையில் இருக்கிறது.

புரொப்பெல்லரில் இரண்டு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதலாவது விட்டம். இரண்டாவது பிட்ச்: வழுக்காமல் ஒரு முறை சுற்றினால் எத்தனை அங்குலம் முன்னே போகும் என்பது. வலையும் ஆட்களும் ஏற்றிய படகை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மோட்டரின் கையேடு சொல்லும் சுழற்சி வேகத்தை அது எட்டாமல் திணறினால் பிட்ச் கூடிப்போச்சு. குறைந்த பிட்ச் பூட்ட வேணும். அதைத் தாண்டிப் பறந்தால் பிட்ச் போதாது. பிட்ச் ஓர் அங்குலம் மாறினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 சுற்றுகள் மாறும். வெறும் படகில் பார்த்துத் தெரிவு செய்தது, பாரம் ஏற்றினால் பொருந்தாது. பொருந்தாத புரொப்பெல்லர் எண்ணெயையும் குடிக்கும், மோட்டரின் ஆயுளையும் குறைக்கும்.

கடல் எல்லை பற்றியும் இழுவைப் படகுகள் பற்றியும் நாங்கள் நிறையக் கதைக்கிறம். குறைந்த வலுவும் அளந்த எண்ணெயும் கையில் இருந்த காலத்தில், எங்கட ஊர்த் தொழிலாளர் எதைப் பூட்டினார்கள், எப்படித் தெரிவு செய்தார்கள்? அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேணும். அதுவும் வரலாறுதான்.