விரியன் கண்ணில் ஒரு குமிழி

நம்ம சினிமா வில்லன் வெறும் சிரிஞ்சில் காற்றை இழுத்து நரம்பில் ஏற்றுவான். அதில் மிகை உண்டு. முழுப் பொய் இல்லை.

மூளைத் தமனியை அடைத்த ரத்தக்கட்டியை எடுக்க, தொடை இடுக்கிலிருந்தோ மணிக்கட்டிலிருந்தோ ஒரு மெல்லிய குழாயை மேலே கொண்டுபோகிறார்கள். 2015இல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகு பக்கவாதத்துக்கு இது நிலைபெற்ற சிகிச்சை. குழாயில் காற்று தங்காதபடி உப்புநீரால் அலசிக்கொண்டே இருப்பார்கள். அப்படியும் அரிதாக ஒரு குமிழி நழுவிவிடும். கட்டியை எடுக்கப் போன இடத்தில் காற்றே அடைப்பாகும்.

அப்புறம் என்ன செய்வது? எட்டினால் குழாய் வழியே உறிஞ்சிப் பார்க்கலாம். சுத்தமான ஆக்சிஜன் கொடுக்கலாம். பலமான இன்னொரு வழி, நோயாளியை அழுத்த அறைக்குள் வைப்பது. அந்த அறையின் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

1670இல் ராபர்ட் பாயில், காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் ஒரு விரியனை வைத்தார். அதன் கண்ணுக்குள் ஒரு குமிழி அசைந்தது. அழுத்தம் குறைந்தால் உடலுக்குள் குமிழி பிறக்கும் என்பதற்கு முதல் சாட்சி அந்தப் பாம்பு.

அடுத்த சாட்சிகள் மனிதர்கள். புரூக்ளின் பாலத்துக்காக ஆற்றடியில், அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் மண் தோண்டியவர்கள் மேலே வந்ததும் வலியில் சுருண்டார்கள், சிலர் செத்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872இல் முடங்கினார். மனைவி எமிலி அவருடைய கண்ணும் காலுமாக இருந்து வேலையை நடத்த, 1883இல் பாலம் திறந்தது. நடுவே, 1878இல், பிரான்ஸின் பால் பெர் காரணத்தை எழுதினார்: ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிறது. மருந்து, மறுபடி அழுத்தம், கூடவே ஆக்சிஜன்.

1890 வாக்கில் நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றுச் சுரங்கத்துக்கு எர்னஸ்ட் மோய்ர் வந்தபோது, சுமார் ஐம்பது ஆட்களில் மாதம் ஒருவர் இறந்துகொண்டிருந்தார். அவர் வேலையிடத்திலேயே ஓர் இரும்பு அறை வைத்தார். சுருண்டவனை அதற்குள் கிடத்தி, அழுத்தத்தை ஏற்றி, மெதுவாக இறக்கினார்கள். அடுத்த 15 மாதங்களில், 120 பேரில் இறந்தவர்கள் இருவர்.

சுரங்கக்காரனின் குமிழி ரத்தத்திலேயே பிறந்தது. குழாயில் வந்தது வெளிக்காற்று. ஆனால் இரண்டுக்கும் ஒரே விதி. அழுத்தம் 2.8 மடங்கானால் குமிழியின் கொள்ளளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகும். ஆக்சிஜன் மட்டும் சுவாசிக்கும்போது ரத்தத்தில் நைட்ரஜன் வற்றும். குமிழியின் நைட்ரஜன் அதை நோக்கிக் கசிந்து வெளியேறும்.

இன்றும் எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த அறை கிடையாது. மூளைக்கோ நிமிடங்கள்தான் கணக்கு. அறை வேலையிடத்திலேயே இருக்கணும் என்ற மோய்ரின் முடிவு எவ்வளவு பெரியது என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.