தந்தை யார், ஊர் எது? கல்லூரி வாயிலில் நாம் தந்த விடைகள்

வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபொழுது, கே.கே. நகரில் நம் சங்கம் நடத்திவரும் மாலை வகுப்பில் இவ்வாண்டு நிகழ்ந்த ஒரு சிறு செய்தியே நம் நினைவுக்கு வந்தது. பிளஸ் டூ வகுப்பு மாணவி ஒருத்தி, பெங்களூரிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயில விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். மதிப்பெண் விவரங்களையெல்லாம் நிரப்பிய பின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி நின்றது: ‘உம்மைப் பற்றி 500 சொற்களில் எழுதுக.’ மூன்று நாட்கள் அவள் அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை. முதல் வரைவில், கோயம்பேடு அங்காடியில் மூட்டை இறக்கும் அவள் தந்தையார் ‘வணிகத் துறையில் பணியாற்றுபவர்’ ஆகியிருந்தார். அதைக் கண்ட நம்மவர் ஒருவர், ‘கஷ்டத்தை எழுதம்மா, அப்பொழுதுதான் இரங்குவார்கள்’ என்றார். இரண்டாம் வரைவு கண்ணீரும் கருணை மனுவுமாக வந்தது.

இரண்டுமே அவளுடைய எழுத்தாக நமக்குப் படவில்லை. அவளிடம் கேட்கப்பட்ட கேள்வி நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. அதன் வரலாற்றை அவளுக்குச் சொல்ல முயன்றதே இக்கட்டுரையாயிற்று.

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோயம்புத்தூர்க் கல்லூரியில் பயின்ற நாட்களிலிருந்தே தொடங்கலாம். 1939-இல் வெளிவந்த தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் அந்நாளை அவர் நினைவுகூர்கிறார். நானூறு மாணவர் பயின்ற இடத்தில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர்கள். மற்றப் பிள்ளைகளோடு நட்புக் கொண்டால் சாதி, குடும்பம், இருப்பிடம் மூன்றும் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி, வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்பினுள் நுழைவாராம். பாடத்தில் எந்த வினாவுக்கும் அஞ்சாத மாணவர், ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்ற ஒரு வினாவுக்காக மணியோசை வரை வெளியில் நின்றார்.

அவரே பின்னர் அந்த வினாவுக்கு ஊரறிய விடையளித்தார். 1893-இல் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். அதே ஆண்டில், இந்திய சிவில் சர்வீசுத் தேர்வை இங்கிலாந்தோடு இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்துப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். அதன் நீளம் 112 அடி. கையெழுத்திட்டோர் 3,412 பேர். தேர்வு இங்கே நடப்பதை நம்மவர் ஏன் எதிர்த்தார் என்று இன்றைய இளைஞர் வியக்கலாம். பள்ளியே கிட்டாதவனுக்குத் தேர்வு மண்டபம் அருகில் வந்து என்ன பயன்? எழுதக் கற்றிருந்த சாதியாரே அதிகாரிகளாகி மீண்டும் நம் தலைமேல் அமர்வர் என்பது அவர் அச்சம். அந்த முடிவு சரியா என்பதில் நம்முள் இன்றும் இருவேறு கருத்துண்டு. ஆயினும் கல்லூரிக்குப் போடும் மனுவையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவையும் நம் மொழி ‘விண்ணப்பம்’ என்ற ஒரே சொல்லால் வழங்குவதை நாம் கவனிக்கத் தவறலாகாது.

இதற்கடுத்த காலம் எண்ணிக்கையின் காலம் எனலாம். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை, கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பகுத்தது. இறுதி வடிவில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. இவ்வாணையை 1951 ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. வழக்காடிய இருவருள் பொறியியல் கல்லூரி கேட்டவர் விண்ணப்பித்திருந்தார். மருத்துவக் கல்லூரி கேட்ட செண்பகம் துரைராசன் அம்மையாரோ விண்ணப்பமே போடவில்லை! விசாரித்ததில் இடம் கிடைக்காதென அறிந்ததாகக் கூறி நீதிமன்றம் சென்றார். தீர்ப்பிலேயே இது குறிக்கப்பட்டுள்ளது. விண்ணப்பம் போடவே தலைமுறைகள் காத்திருந்த நமக்கு இது சற்றுக் கசப்பான செய்திதான். அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராயிருந்த அவ்வாண்டு சூன் மாதத்திலேயே அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, 15(4) பிரிவால் வழி மீண்டும் திறந்தது.

இடம் உறுதியான பின்னும் பழைய வினா வேறு கதவு வழியே நுழைந்தது. அதன் பெயர் நேர்முகத் தேர்வு. தமிழக மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 இதற்கென ஒதுக்கப்பட்டிருந்தது. பெரியகருப்பன் வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம் இந்த அளவு மிகையெனச் சுட்டியது. பிற்பட்டோருக்கான ஒதுக்கீட்டை ஏற்றதும் அதே தீர்ப்புத்தான். சீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கு இன்னும் தெளிவானது. 150-இல் 50 மதிப்பெண் நேர்முகத்துக்கு. ஆனால் ஒரு மாணவனுக்கு இரண்டு மூன்று நிமிடமே ஒதுக்கி, பெற்றோர் யார், எவ்வூர் என்பன போன்றவற்றையே வினவினர் என்பது குற்றச்சாட்டு. நேர்முக மதிப்பெண் நூற்றுக்குப் பதினைந்தை மிகலாகாது என்று 1980 நவம்பரில் நீதிமன்றம் கருத்துரைத்தது. கோவையில் சிறுவர் சீனிவாசன் எதற்கு அஞ்சினாரோ, அதற்கே நூறாண்டு கழித்து மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்!

திருத்துவோர்க்கு முகம் தெரியாத விடைத்தாளை நம் பெற்றோர் தெய்வமாக நம்பியது இதனால்தான். 1984-இல் தமிழகத்தில் வந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு, 2006-இல் இயற்றிய சட்டத்தால் அகன்றது. பின்னர் மருத்துவத்துக்கு நீட் வந்தது. கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையோடு இணைந்த மருத்துவக் கல்லூரிக்குள் இன்று நம் பிள்ளை நுழைவதற்கும் அதுவே வழி. அந்தப் போராட்டம் தனியே எழுதத்தக்கது, இங்கே விடுகிறோம்.

‘உம்மைப் பற்றி எழுதுக’ என்ற முறை எங்கே பிறந்தது? அமெரிக்காவில். அதுவும் அண்ணல் பயின்ற கொலம்பியாவே இதில் முன்னோடிகளுள் ஒன்று. பரோடா மன்னரின் உதவித்தொகையோடு 1913 சூலையில் நியூயார்க் சென்ற அண்ணல், 1916-இல் அங்கிருந்து இலண்டன் சென்றார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள், தேர்வில் வென்று திரளாக நுழைந்த யூதர் வீட்டுப் பிள்ளைகளைக் குறைக்க அப்பல்கலைக்கழகம் வழி தேடியது. புகைப்படம், மதம், குடும்ப விவரம், நேர்காணல், ‘குணநலன்’ ஆகியவை விண்ணப்பத்தில் ஏறின. நூற்றுக்கு 40 அளவிலிருந்த யூத மாணவர் 22 ஆயினர். 1922-இல் ஹார்வர்டு தன் விண்ணப்பத்தில் இனம் எது, தந்தை பிறந்த ஊர் எது என வினவியதோடு, பிறந்த பின் உமது பெயரோ உம் தந்தை பெயரோ மாறியதுண்டா என்றும் வினவியது. தன்னைப் பற்றி எழுதும் கட்டுரையும் இச்சூழலில் வேரூன்றியதே. விந்தை என்னவெனில், 2023 சூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனத்தைக் கருதிச் சேர்ப்பதைத் தடுத்தபோது, இனம் தன் வாழ்வை எவ்வாறு தொட்டது என்று மாணவன் கட்டுரையில் எழுதத் தடையில்லை என்றது. அடைக்கப் போட்ட கதவே கறுப்பின மாணவனுக்கு எஞ்சிய சன்னலாயிற்று.

இவ்வளவையும் கேட்ட மாணவி, ‘அப்படியானால் எப்படித்தான் எழுதுவது?’ என்றாள். நியாயமான கேள்வி. அவள் கையில் அண்ணலின் ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற சிறு நூலைக் கொடுத்தோம். 1930-களில் எழுதி, அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்தால் 1990-இல் வெளியிடப்பட்ட இந்நூல், கொலம்பியாவிலேயே இன்று பாடமாக வைக்கப்படுகிறது. தீண்டாமை பற்றிப் பொதுவாக விளக்குவதா, நடந்தவற்றைச் சொல்வதா என்று தொடக்கத்தில் எண்ணிப்பார்த்து, நடந்தவற்றையே சொல்லத் துணிகிறார். 1901-இல் தந்தையாரைக் காணச் சிறுவர்கள் இரயிலேறிச் செல்கின்றனர். நல்லுடை அணிந்த அவர்களை நிலையத் தலைவர் பரிவோடு விசாரிக்கிறார். ‘மகர்கள்’ என்ற விடையைக் கேட்டதும் முகம் மாறி விலகுகிறார். இரட்டைக் கூலி தருவதாகச் சொல்லி, வண்டியைச் சிறுவரே ஓட்ட, வண்டிக்காரர் உடன் நடந்து வருகிறார். கையில் உணவிருந்தும் தண்ணீரின்றி இரவு கழிகிறது. இரக்கம் கேட்கும் சொல் ஒன்றுமில்லை. கூலி எவ்வளவு, நேரம் எவ்வளவு, யார் என்ன சொன்னார் என்பனவே உள்ளன. நம்மைக் கேட்டால், எந்த ஆங்கில வழிகாட்டி நூலையும்விட இது போதுமென்போம்.

ஒரு வாரம் கழித்து மூன்றாம் வரைவு வந்தது. வெங்காயம் கிலோ இருபது ரூபாய்க்கு விற்றபோதும் நூறு ரூபாயைத் தாண்டியபோதும், தன் தந்தையாருக்கு மூட்டைக்குக் கிடைத்த இறக்குக் கூலி ஒன்றாகவே இருந்ததை, வீட்டுக் கணக்கு நோட்டிலிருந்து எடுத்து எழுதியிருந்தாள். விலை ஏறியபோது ஏறிய பணம் எங்கே போயிற்று? அதைக் கற்கவே பொருளாதாரம் பயில விரும்புவதாக முடித்திருந்தாள். சாதியையும் தெருவையும் ஒரு வரியில், தந்தை பெயரைச் சொல்வதுபோலவே சொல்லியிருந்தாள். ‘இறக்குக் கூலி’ என்பதற்கு ஆங்கிலச் சொல் தேடி அலுத்து, தமிழ்ச் சொல்லையே எழுதிப் பொருளை அடுத்த வரியில் விளக்கியிருந்தாள்.

அனுப்புமுன் தந்தையாருக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு ஒரு திருத்தம் சொன்னார்: கூலி ஏறவில்லை என்பது சரி, ஆனால் அந்த ஆண்டு மூட்டையின் எடை ஏறியிருந்தது, அதையும் போடு என்றார். அவள் அந்த வரியைச் சேர்த்து அன்றிரவே விண்ணப்பத்தை அனுப்பினாள்.